கணக்கு சரி, விடை தப்பு!
(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்தது பத்து நிமிஷம். ஒரே ஒரு வகுப்பைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

1983. புவியியல் வகுப்பு. எங்கள் பேராசிரியர் ஓர் உலக உருண்டையும் ஒரு முழம் நூலும் கொண்டுவந்தார். "பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு வழி காட்டுய்யா" என்றார். சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்து, கஜகஸ்தான், மங்கோலியா வழியாக நேர்கோடு போட்டேன். அவர் உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தார். நூல் வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி, சைபீரியா மேலே போய் இறங்கியது. குறுக்கு வழி அதுதான்! சுமார் 7,800 கிலோமீட்டர்.

"எத்தனை மணி நேரம்?"

விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர். ஏற, இறங்கக் கொஞ்சம் சேர்த்து, "ஒன்பதரை மணி, சார்" என்றேன்.

"கணக்கு சரி, விடை தப்பு. பதின்மூன்று!"

அந்த வருஷம்தான் ஃபின்னேர் நிறுவனம் டிசி-10 விமானத்தில் இடைநில்லாமல் டோக்கியோ போக ஆரம்பித்திருந்தது. சோவியத் வான்வழி கிடைக்காததால் வட துருவத்தின் மேலே ஏறி, பெரிங் ஜலசந்தி பக்கம் இறங்கிச் சுற்றிப் போனது. 3,000 கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். ஏன் இந்தச் சுற்று என்று நாங்கள் சிரித்தோம். அதே ஆண்டு செப்டம்பர் 1-ல், வழி தவறி சோவியத் எல்லைக்குள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

பின்னாளில் சைபீரிய வழி திறந்தது. என் ஒன்பதரை மணி சரியான விடையாயிற்று! 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும் ரஷ்ய வான் மறுபடி மூடியது. மார்ச்சில் அதே ஃபின்னேர் அதே துருவ வழியில், பழையபடி சுமார் பதின்மூன்று மணி நேரம் பறந்தது. விமானம் புதுசு, என்ஜின் புதுசு. பயண நேரம் மட்டும் 1983!

மாணவர்களே, தூரத்தை இன்று கைபேசி ஒரு நொடியில் சொல்லிவிடும். நூல்கூட வேண்டாம். ஆனால் தூரத்தை வைப்பது பூமி. நேரத்தை வைப்பது காற்றும் மனுஷனும். எந்த எண்ணைப் பார்த்தாலும், நடுவில் மூடிக் கிடப்பது எது என்று கேளுங்கள். புவியியல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கடைசியாக ஒன்று. என் வீட்டிலிருந்து இந்த ஹாலுக்கு 40 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றேகால் மணி. நான் வந்து சேர 40 வருஷம் ஆகிவிட்டது. வழியை யாரும் மூடவில்லை; "அப்புறம் போகலாம்" என்று நானேதான் மூடி வைத்திருந்தேன். அந்தப் பேராசிரியர் இன்று நம்மிடையே இல்லை. என் விடை ஒருகாலத்தில் சரியாக இருந்தது என்று அவரிடம் சொல்ல முடியாமலே போயிற்று.

உங்கள் ஆசிரியர் யாராவது பக்கத்து ஊரில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பார்த்துவிடுங்கள்.