போனில் வரும் பொய்ச் செய்தி: பதறாதீர்கள், விசாரியுங்கள்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையில் கொழுந்து எடுக்கும்போது போன் அடிக்கிறது. "ஒங்க மகன் எக்சிடன்ட் பட்டு கொழும்பு ஆஸ்பத்திரியில இருக்கான். ஒப்பரேசனுக்கு ஒடனே காசு அனுப்புங்க" என்கிறான் ஒருவன். இன்னொருவன் பொலிஸ் என்று சொல்லிக்கொண்டு, "மகன் தூளோட பிடிபட்டுட்டான், கேஸ் போடாம விடக் காசு வேணும்" என்கிறான். கொழும்பில் கடையிலோ, கார்மென்ட்டிலோ, வீட்டு வேலையிலோ பிள்ளை இல்லாத லயம் எது? அதை நம்பித்தான் எடுக்கிறார்கள்.

அவன் கேட்பது 40,500 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து நாட்சம்பளத்தில் அது ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு. அடகுக்குப் போவது தோடும் சங்கிலியும்.

அந்தக் குரல் இரண்டு விஷயம் சொல்லும்: போனை வைக்காதே, யாரிடமும் சொல்லாதே. வைத்தால் நீங்கள் மகனுக்கே எடுத்துக் கேட்பீர்கள். சொன்னால் பக்கத்து காம்பராக்காரர் நிதானிக்கச் சொல்வார். ஆகவே அந்த இரண்டையும்தான் நாம் செய்யவேண்டும். போனை வையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். 1990 அம்புலன்சும் இலவசம். ஒப்பரேசனுக்கு யாருடைய போன் நம்பருக்கும் காசு போடச் சொல்லமாட்டார்கள். கேஸ் போடாமல் விடக் காசு கேட்டால், கேட்பவன் உண்மையான பொலிஸ்காரனாக இருந்தாலும் அது லஞ்சம். எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாம் வார்ட், எந்தப் பொலிஸ் என்று கேளுங்கள். அவன் தரும் நம்பருக்கு எடுக்காமல், நீங்களே நம்பர் தேடி எடுத்து விசாரியுங்கள். சந்தேகமென்றால் 119க்குச் சொல்லுங்கள்.

வேலை நேரத்தில் பிள்ளையின் போன் அடித்து ஓயலாம். அதனால் முதலாளி நம்பர், கூட தங்கியிருப்பவர் நம்பர் இரண்டையும் இன்றே வாங்கி, சுவரில் எழுதி ஒட்டுங்கள். எழுத்து வாசிக்காத அம்மாவுக்குப் பேரப்பிள்ளை அந்த நம்பர்களைப் போனில் போட்டுக் கொடுக்கட்டும். குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள். "மகன்தான் பேசுறேன்" என்று அழுகிற குரல் கேட்டால் அந்தச் சொல்லைக் கேளுங்கள்.

காசு போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். காசு அனுப்பிய கொமினிகேஷன் கடைக்கோ பேங்குக்கோ உடனே போய்ச் சொல்லுங்கள். ரசீதையும் அந்த நம்பரையும் வைத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். தனியாகப் போகப் பயமென்றால் தோட்டத் தலைவரைக் கூட்டிப் போங்கள். சங்கம் இருப்பது சம்பளம் பேச மட்டுமல்ல.

ஏமாந்தவரைப் பார்த்து யாரும் சிரிக்கவேண்டாம். பிள்ளைப் பாசத்தை வைத்துத்தான் அவர்கள் ஏமாற்றுகிறார்கள். இன்று இங்கே கேட்டதை, கூட்டத்துக்கு வராத வீட்டுக்கும் போய்ச் சொல்லுங்கள்.