குழந்தை உறங்கும் வீட்டில் தூசு உறிஞ்சும் ரோபோ

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வீசும் தென்மேற்குக் காற்று பொள்ளாச்சி வட்டாரத்து வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்க்கும் தூசு, மற்ற ஊர்த் தூசியைப் போன்றதன்று. செம்மண் துகளோடு, தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் எஞ்சும் நார்த்தூளும் அதில் கலந்திருக்கிறது. மட்டையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் நார். மீதி பெரும்பாலும் தூள். நார் ஆலைகளின் களங்களில் காயவைக்கப்படும் அத்தூள் மிக இலேசானது என்பதால், காலையில் பெருக்கிய ஆசாரம் மதியச் சாப்பாட்டுக்குள் மீண்டும் மங்கிவிடுகிறது. அந்தத் தரையில்தான் குழந்தை தவழ்கிறது, விழுந்த பொரியை எடுத்து வாயில் வைக்கிறது. சீமாறு கொண்டு பெருக்கும்போது பெருந்துகள் வாசலுக்குப் போனாலும் நுண்துகள் எழும்பி, சற்று நேரத்தில் அதே தரையில் படிந்துவிடும். தூசியை உள்ளிழுத்து வடிகட்டியில் நிறுத்திக்கொள்ளும் ரோபோவை இளங்குழந்தைகள் உள்ள குடும்பங்கள் நாடுவதற்கு இது நியாயமான காரணம்; ஆயினும் அந்த இயந்திரம் எழுப்பும் ஓசையில் தூளியில் கிடக்கும் குழந்தை விழித்துக்கொண்டால், வாங்கியதன் பயனில் பாதி அப்போதே போய்விடும்.

இக்கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்ல இயலும். 1901இல் இலண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் உருவாக்கிய உறிஞ்சியைக் குதிரைகள் பூட்டிய வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களைச் சன்னல் வழியே உள்ளே விட்டு வேலை செய்தார்கள். இந்தியாவில் 1982இல் தொடங்கப்பட்ட யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தின் விற்பனையாளர்கள் வீடுவீடாகச் சென்று இயக்கிக் காட்டியதால் வேக்குவம் கிளீனர் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழக்கமாயிற்று. தானே சுற்றி வரும் வகையில் ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் 2001இல் டிரைலோபைட்டையும், அமெரிக்காவின் ஐரோபாட் 2002இல் ரூம்பாவையும் சந்தைக்குக் கொண்டுவந்தன. இவை பிறந்த நாடுகளில் கம்பளம் விரித்த தரைகள் மிகுதி என்பது மட்டும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. ஓசையைப் பற்றிய பேச்சில் அது மீண்டும் தேவைப்படும்.

ஓசையின் அளவைக் குறிக்கும் டெசிபல், கிலோவையோ மீட்டரையோ போலச் சீராகக் கூடும் அளவன்று. 10 டெசிபல் உயர்ந்தால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது; காதுக்கோ அது ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கிறது. ஆகவே 55 என்று அச்சிட்ட பெட்டிக்கும் 65 என்று அச்சிட்ட பெட்டிக்கும் உள்ள வேறுபாடு, எண்ணைப் பார்ப்பவருக்குச் சிறிதாகவும் கேட்பவருக்குப் பெரிதாகவும் இருக்கும். இன்று விற்பனையாகும் ரோபோக்களில் பெரும்பாலானவை 55 முதல் 70 டெசிபலுக்குள் ஒலிக்கின்றன. இருவர் அருகமர்ந்து இயல்பாகப் பேசும் ஓசை ஏறத்தாழ 60. உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல், படுக்கையறையில் தொடர் ஓசை 30 டெசிபலுக்குள்ளும், இடையிடையே எழும் ஓசை 45க்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது. இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால், குழந்தை உறங்கும் அறைக்குள்ளேயே ஓடத் தகுந்த ரோபோ சந்தையில் அநேகமாக இல்லை என்பது தெளிவாகும். கடைக்காரர் எவ்வளவு உறுதியளித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மூடிய மரக்கதவு ஏறத்தாழ 20 டெசிபலைக் குறைக்கும் என்பதால், அடுத்த அறையில் ஓடுவதற்கு அடங்கிய ஒலியுள்ளதா என்று கேட்பதே பயன் தரும் கேள்வி. அவ்வாறு கேட்கும்போது, இடையிடையே எழும் ஓசைக்கான 45 என்ற வரம்புக்குள் 55 டெசிபல் இயந்திரம் தேறுகிறது. 70 டெசிபல் இயந்திரம் தேறுவதில்லை.

பெட்டியில் அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்பிவிட இயலாது. இயந்திரம் மொத்தமாக வெளியிடும் ஒலியின் அளவு ஒன்று, அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரின் காதில் விழும் அளவு மற்றொன்று. திறந்த இடத்தில் முன்னதைவிடப் பின்னது ஏறத்தாழ 8 டெசிபல் குறைவாக இருக்கும். ஆகவே ஒரே கருவியை ஒருவர் 66 என்றும் இன்னொருவர் 58 என்றும் விளம்பரப்படுத்தினால் இருவருமே பொய் சொன்னவராகார். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் பிறப்பித்து 2017 செப்டம்பரில் கடுமையாக்கிய விதி, வேக்குவம் கிளீனர்களின் ஒலிக்கு 80 டெசிபல் என்ற உச்சவரம்பை விதித்தபோதும், ரோபோக்களை அதன் வரம்புக்கு வெளியே விட்டுவிட்டது. அச்சிட்ட எண் பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்தில் எடுக்கப்பட்டதாகவே இருக்கும் என்பதால், எந்த வேகத்தில் அளந்தது என்று கேட்டு வாங்குவது நல்லது.

இனி, ஓசை எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆராய வேண்டும். இப்பொருளில் சுவை மிகுந்த பகுதி இதுவே. முதலாவது, காற்றை இழுக்கும் விசிறியும் அதைச் சுழற்றும் மோட்டாரும். மோட்டார்த் தொழிலில் ஊறிய கோவை மாவட்டத்து நேயர்களுக்குக் கார்பன் பிரஷ் உரசும் மோட்டாருக்கும் அது இல்லாத பி.எல்.டி.சி. மோட்டாருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. இரண்டாவது வகை உரசல் ஓசை அற்றது, நீடித்தும் உழைப்பது. உறிஞ்சும் வலிமையைப் பாஸ்கல் என்னும் அழுத்த அலகால் குறிக்கிறார்கள். 2,000 பாஸ்கல், 5,000 பாஸ்கல், 10,000 பாஸ்கல் என்று விளம்பரங்கள் போட்டியிட்டு ஏறுகின்றன. ஒரே இயந்திரத்தில் வேகத்தைக் கூட்டக் கூட்ட வலிமையோடு விசிறியின் இரைச்சலும் ஏறுகிறது. கம்பளத்தின் இழைகளுக்குள் புதைந்த மண்ணை வெளியே இழுக்க அந்த வலிமை தேவை. காவிப் பூச்சுத் தரையிலோ டைல்ஸ் தரையிலோ தூசு மேலாகவே கிடக்கிறது. அதை எடுக்க மிகக் குறைந்த வேகமே பெரும்பாலும் போதும். கம்பளமே இல்லாத கொங்கு வீட்டுக்குப் பத்தாயிரம் பாஸ்கல் வாங்குவோர், பயன்படாத வலிமைக்கு விலை கொடுக்கிறார்கள்.

இரண்டாவது, தரையே எழுப்பும் ஓசை. பழைய தொட்டிக்கட்டு வீடுகளின் காவித் தரை இணைப்புகள் இன்றி ஒரே பரப்பாக இழைக்கப்பட்டது. அதன்மேல் சக்கரங்கள் அரவமின்றி உருளும். அதே ரோபோவை இணைப்புக் குழிகள் ஆழமான டைல்ஸ் தரையில் விட்டால், ஒவ்வொரு குழியிலும் சக்கரம் இறங்கி ஏறி டக்கு டக்கென்று ஒலிக்கும். அடியிலுள்ள உருளைத் தூரிகை கடினமான மயிரால் ஆனதாயின் அதுவும் தரையை அறைந்துகொண்டே செல்லும். மென்மையான ரப்பர் உருளையும் அகன்ற ரப்பர்ச் சக்கரமும் கொண்டவற்றில் இவ்வோசை குறைகிறது. எனவே அடங்கிய ஒலி என்பது இயந்திரத்தின் குணம் மட்டுமன்று, அது ஓடும் தரையின் குணமுமாகும். எந்தப் பெட்டியிலும் இது அச்சிடப்படுவதில்லை. தேங்காய் நார் உருளையின் அச்சில் சுற்றிக்கொண்டால் கிறீச்சிடும் ஓசை தொடங்கும், நார்த்தூள் வடிகட்டியை அடைத்தால் காற்றுப் போக வழியின்றி இரைச்சலின் தொனி மாறும். வாங்கியபோது அடக்கமாக இருந்தது இப்போது கத்துகிறது என்று குறைப்படுவோர் பழுது பார்ப்பவரைத் தேடுமுன், கவிழ்த்து நாரை வெட்டி எடுத்து, வடிகட்டியைத் தட்டிப் பார்க்கலாம். காற்றடிக்கும் மாதங்களில் இதை வாரம் இருமுறையாவது செய்வது பொள்ளாச்சிக்குப் பொருந்தும்.

குழந்தையின் பாதுகாப்பைப் பற்றி நேரம் அனுமதிக்கும் அளவே கூறலாம். படியில் விழாமலிருக்க ரோபோ தன் அடியிலிருந்து அகச்சிவப்பு ஒளியைத் தரையில் பாய்ச்சி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. கறுப்புக் கடப்பைக் கல் அவ்வொளியை விழுங்கிவிடுவதால், சில ரோபோக்கள் அதைப் பள்ளமென்று கருதி நின்றுவிடும். உயரம் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிய நிலைப்படியைப் பெரும்பாலானவை ஏற இயலாது. தரையைத் தொடும்படி தொங்கும் தூளிச் சேலையின் நுனி உருளையில் சிக்கக்கூடும். குழந்தை கிடக்கும் தூளியின் கீழ் ரோபோவை எக்காரணம் கொண்டும் விடலாகாது. குழந்தை தரையில் படுத்திருக்கும் நேரத்திலும், தலைமுடி சிக்கும் அபாயம் கருதி, அதை நிறுத்தி வைக்க வேண்டும். பொத்தான்களை அழுத்தி விளையாடும் வயதினர் உள்ள வீட்டுக்குக் குழந்தைப் பூட்டு உள்ளதே ஏற்றது. ஈரத்துடைப்பு வசதியை நார்த்தூள் படிந்த தரையில் முதலிலேயே பயன்படுத்தினால், நீரை வெகுவாக உறிஞ்சும் அத்தூள் சேறாகித் தரையில் இழுபடும்; உலர்வாக ஒருமுறை ஓட்டியபின் துடைப்பதே சரி. வழியறிய கேமரா பொருத்தியவற்றைவிட லேசர் ஒளியால் அளப்பவை குழந்தைகள் உள்ள வீட்டுக்கு மேலானவை. சோதனைக்கு விடப்பட்ட ரோபோக்கள் வீடுகளுக்குள் எடுத்த அந்தரங்கப் படங்கள் இணையத்தில் கசிந்ததை 2022இல் அமெரிக்க இதழொன்று வெளிக்கொணர்ந்தது.

ஓசையைப் பொறுத்தவரை எஞ்சியிருப்பவை இரண்டு. சேர்ந்த குப்பையைத் தானே காலிசெய்யும் நிலையத்தோடு வரும் விலையுயர்ந்த ரோபோக்கள், வேலை முடிந்து திரும்பியதும் சில விநாடிகளுக்கு ரோபோவின் ஓசையை வெகுவாக மிஞ்சும் இரைச்சலை எழுப்புகின்றன; அதைச் செயலியில் உறக்கமற்ற நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது நிலையத்தையே தாழ்வாரத்தின் கோடியில் வைக்கலாம். மற்றது, புறப்படும்போதும் திரும்பும்போதும் ரோபோ உரத்த ஆங்கிலத்தில் தன் வேலையை அறிவிக்கும் குரல். மோட்டாரின் சீரான ஓசைக்கு அசையாத குழந்தையும் இக்குரலுக்குத் திடுக்கிட்டு எழும் என்பதால், பெட்டியைப் பிரித்த நாளிலேயே செயலியின் அமைப்புப் பகுதிக்குச் சென்று அக்குரலை அணைத்துவிடுவது உத்தமம். அதற்குக் காசும் செலவில்லை.