வேகம் கூடினால் வெப்பமும் கூடும்



தோட்டத்தை விட்டுக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகள் பலரிடம் கணினி இருக்கிறது. நாம் சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளியில் வாங்கிய பொருள் அது. அதனுள்ளே, திரையில் படங்களை வரைந்து காட்டுவதற்கென்றே கிராபிக்ஸ் அட்டை என்ற பாகம் உண்டு. பல கணினிகளில் விலை கூடிய பாகமும் அதுதான். தயாரித்தவர்கள் குறித்த வேகத்துக்கு மேல் அதை ஓட்டுவதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். கணினி விளையாட்டில் நாட்டமுள்ள இளைஞர்கள் இதை விரும்பிச் செய்கிறார்கள். இதில் லாபம் எவ்வளவு, நட்டம் எவ்வளவு என்று பார்ப்போம்.

பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு இதை விளக்குவது எளிது. அளவோடு சீவினால் மரம் பல ஆண்டுகள் பால் தரும். அடிக்கடி சீவி, எத்திபோன் மருந்தையும் மிகுதியாகப் பூசினால் முதலில் பால் கூடும். பிறகு பட்டை வறண்டு பால் நின்று போகும். அட்டையின் கதையும் ஏறக்குறைய இதுவே.

அட்டையிலுள்ள சில்லு ஒரு துடிப்புக்கு ஏற்ப வேலை செய்கிறது. 1999-இல் வெளிவந்த ஜீபோர்ஸ் 256 அட்டையின் சில்லு விநாடிக்கு 12 கோடி முறை துடித்தது. இன்றைய அட்டைகள் பலவற்றில் அது 200 கோடியைத் தாண்டுகிறது. துடிப்பைக் கூட்டும்போது சில்லு தடுமாறாதிருக்க, மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டி வரும். இரண்டையும் 10 விழுக்காடு கூட்டினால், சில்லு தின்னும் மின்சாரம் ஏறத்தாழ 33 விழுக்காடு கூடும். கிடைக்கும் வேகமோ சுமார் 10 விழுக்காடுதான்.

அந்த மின்சாரம் அத்தனையும் வெப்பமாகிறது. நம் ஊரில் பகல் வெப்பம் 32, 33 பாகைக்கு ஏறுகிறது. குளிர்சாதனம் இல்லாத அறையில், விசிறி அந்தச் சூடான காற்றைக்கொண்டுதான் அட்டையைக் குளிர்விக்க வேண்டும். சூடு எல்லையைத் தொட்டால் அட்டை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பட்ட பாடெல்லாம் வீண்.

சற்றுக் கூட்டியதுமே அட்டை எரிந்துவிடும் என்று நாம் பயமுறுத்தவில்லை. ஆனால் திரையில் புள்ளிகளும் கோடுகளும் தோன்றலாம். கணினி திடீரென நின்று, எழுதிக்கொண்டிருந்த கல்லூரிப் பாடம் அழிந்து போகலாம். நீண்ட நாள் சூட்டில் அட்டையின் ஆயுள் குறையும். மலிவான பவர் சப்ளை பெட்டி கூடுதல் சுமையைத் தாங்காமல் பழுதாகலாம். இப்படி வந்த பழுதுக்குப் பல நிறுவனங்கள் உத்தரவாதம் தருவதில்லை.

பயன்படுத்திய அட்டை வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. ஈத்தரியம் என்ற மின்னாணயத்தை அட்டைகளைக்கொண்டு ஈட்டும் முறை 2022 செப்டம்பர் 15-இல் முடிவுக்கு வந்தது. அதுவரை இரவு பகலாக, பல இடங்களில் நினைவகத்தின் வேகத்தையும் ஏற்றி ஓட்டிய அட்டைகள் உலகெங்கும் விற்பனைக்கு வந்தன. ஆகவே கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் வாங்கினாலும், கிள்ளானில் தெரிந்தவரிடம் வாங்கினாலும், அரை மணி நேரமாவது ஓடவிட்டுச் சோதித்த பிறகே பணம் கொடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பெற்றோர்களே, பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். "தம்பி, இப்போது சூடு எத்தனை பாகை?" என்று கேளுங்கள். விசிறியில் படிந்த தூசியைத் துடைக்கச் சொல்லுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் காற்றோட்டமாக வைக்கச் சொல்லுங்கள். செலவில்லாத இந்த வேலைகள், அட்டை தன் இயல்பான வேகத்தில் பல ஆண்டுகள் உழைக்கப் போதும்.