இளம் வக்கீலின் வெண்கலச் சிலை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



காந்தியடிகளின் சிலை என்றதும் கைத்தடியும் முழந்துண்டும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. தென்னாப்பிரிக்காவில் ஜோகானஸ்பர்க் நகரத்துக் காந்தி சதுக்கத்தில் 2003 அக்டோபரில் திறக்கப்பெற்ற வெண்கலச் சிலையோ வேறு விதமானது. கோட்டும் அதன்மேல் வக்கீல் அங்கியும் அணிந்த இளைஞராக அவர் அங்கே நிற்கின்றார். 'மகாத்மா' என்று உலகம் அழைப்பதற்கு முந்திய தோற்றம் அது.

1893 ஜூன் 7ஆம் நாள் இரவு, முதல் வகுப்புச் சீட்டு கையிலிருந்தும், நிறத்தின் காரணமாக அவர் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இறக்கிவிடப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 23. சீட்டின் மதிப்பை நாள்தோறும் காத்துவரும் இரயில்வேக் குடும்பத்தாராகிய நாம் அவ்வநீதியின் கனத்தை நன்கறிவோம். ஊர் திரும்புவதா, உரிமைக்காக நிற்பதா என்று குளிர் மிகுந்த தங்கும் அறையில் எண்ணிப் பார்த்த அவர், நிற்பதென்றே துணிந்தார்.

இந்தியர்கள் கைரேகை பதிந்து சீட்டுப் பெறவேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்தமைக்காக, தாம் வாதாடிய நீதிமன்றத்திலேயே 1908 ஜனவரியில் குற்றவாளியாக நின்று, இரண்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அவர் தொடங்கிய அறப்போரில் தமிழர் பங்கு பெரிது. ஜோகானஸ்பர்க்கில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண் தில்லையாடி வள்ளியம்மை, சிறையில் நோயுற்று, 1914 பிப்ரவரி 22இல் பதினாறே வயதில் உயிர் நீத்தார். அவர்தம் பெற்றோரும் நம்மைப்போல் பிழைப்பு நாடிப் பிறந்த மண்ணைப் பிரிந்தவர்களே.

அச்சிலை திறக்கப்பட்டபோது எதிர்ப்பும் எழுந்தது. இளமையில் ஆப்பிரிக்க மக்களைத் தாழ்வாகக் கருதி அவர் எழுதிய சொற்களைச் சிலர் எடுத்துக் காட்டினர். அச்சொற்கள் உண்மையே, அவற்றை மறைத்தல் முறையன்று. தமக்கு இழைக்கப்பட்ட இழிவை உணர்ந்த நெஞ்சமும் அயலார்க்கு நேர்ந்த இழிவை உணரக் காலம் வேண்டியிருந்தது. முழுமை பெற்ற முதியவரை வணங்குவது எளிது. வளர்ந்துகொண்டிருந்த அவ்விளைஞரிடம் பாடம் கற்பதே நமக்குப் பயன் தரும்.

நம்மை எவரேனும் 'மதராசி' என்று இகழ்ந்தால் நம் நெஞ்சம் கொதிக்கின்றது. அதே நாவால், நம் காலனியில் பெருக்குபவரையும் சுமை தூக்குபவரையும் நாம் எவ்வாறு அழைக்கின்றோம்? நம் பிள்ளைகள் அதனைக் கேட்டுக்கொண்டே வளர்கின்றார்கள். உரிமை கேட்கும் வாய் பிறர் மானத்தையும் காக்கட்டும். அதுவே அவ்விளம் வக்கீலுக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.

வாழ்க தமிழ்! வாழ்க பாரதம்!