கூடுதுறையிலிருந்து சோலைக்காட்டுக்கு: ஆற்றின் வழியே ஒரு கல்விப் பயணம்

(குமாரபாளையத்தில் ஆசிரியர்கள் கூடிய நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுற்றுலா என்று சொன்னதும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆசிரியர்களாகிய நமக்கோ கவலை தொடங்கிவிடும். வண்டி, சாப்பாடு, அனுமதிக் கடிதம், பெற்றோர் ஒப்புதல் என்று வேலைகள் வரிசையில் நிற்கும். இத்தனை பாடுபட்டு அழைத்துப் போய்வந்த பிறகு, "என்ன பார்த்தாய்?" என்று கேட்டால், "பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், சாக்லேட் கடை" என்று பதில் வரும். அதில் தவறில்லை. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு மலை ஏறுவதே முதல்முறை. ஆனால் அதே செலவில், அதே இரண்டு நாளில், இன்னும் பெரிய ஒன்றை அவர்கள் கையில் கொடுக்க முடியும். அதற்குத் தேவை ஒரு கேள்வி. பயணத்துக்கு முன்பே அந்தக் கேள்வி வகுப்பறையில் பிறந்திருக்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் அந்தக் கேள்வி வெள்ளத்திலிருந்து பிறந்தது. காவிரியில் வெள்ளம் வரும் ஆண்டுகளில் நம் ஊர்க் கரையோர வீடுகளில் தண்ணீர் புகுவதும், மக்களைப் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தங்க வைப்பதும் உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், நம்ம ஊர்ல மழையே இல்லையே, தண்ணி எங்கிருந்து வந்துச்சு?" அந்தக் கேள்விக்குக் கரும்பலகையில் படம் போட்டுப் பதில் சொல்லிவிடலாம். ஆற்றின் வழியே மேலே போய்ப் பார்ப்பது என்று நாங்கள் முடிவு செய்தோம்.

ஆறுதான் வழிகாட்டி

எதிர்க்கரையில் பவானி கூடுதுறையில் காவிரியோடு சேரும் பவானி ஆறு நீலகிரியின் தென்மேற்கு மூலையில் பிறக்கிறது. கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய், அங்கே சிறுவாணியைச் சேர்த்துக்கொண்டு, மீண்டும் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. பில்லூர், மேட்டுப்பாளையம், பவானிசாகர், சத்தியமங்கலம் என்று ஏறத்தாழ 217 கிலோமீட்டர் ஓடி நம் எதிர்க்கரைக்கு வந்து சேர்கிறது. காவிரியும் குடகு மலைக்காடுகளில் பிறப்பதுதான். ஆக, நம் ஊரைத் தொட்டு ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளிலிருந்தே வருகிறது.

எனவே வழக்கமான குறுக்குவழியை விட்டுவிட்டு, கோபி, சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் என்று ஆற்றை ஒட்டியே போனோம். ஒவ்வொரு பாலத்தருகிலும் வண்டியை நிறுத்தினோம். ஒரு குழு தண்ணீரின் வெப்பநிலையை எடுத்தது. ஒரு குழு வெள்ளைக் குப்பியில் நீரைப் பிடித்து நிறத்தைக் குறித்தது. ஒரு குழு கரையில் கிடந்த குப்பையை வகைப்படுத்தியது. கருவிகள் மூன்றுதான்: வெப்பமானி, கண்ணாடிக் குப்பி, நோட்டு.

மலை ஏறும்போது கணக்குப் பாடமும் கூடவே ஏறியது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது புத்தகத்தில் உள்ள செய்தி. 2,000 மீட்டருக்கு மேல் உள்ள அவலாஞ்சியில் எவ்வளவு இருக்கும் என்று வண்டியிலேயே கணக்கிடச் சொன்னோம். கணக்கில் வந்த எண்ணும் வெப்பமானி காட்டிய எண்ணும் அருகருகே வந்தபோது அவர்கள் போட்ட சத்தம், ஓட்டுநரையே திரும்பிப் பார்க்க வைத்தது.

சோலைக்குள்ளே

அவலாஞ்சியில் வனத்துறை தன் வாகனத்தில், தன் வழிகாட்டியோடு, காட்டுக்குள் அழைத்துச் செல்கிறது. நாமாக உள்ளே நுழைய முடியாது, நுழையவும் கூடாது. எங்களோடு வந்த வழிகாட்டி அந்த மலையிலேயே பிறந்தவர். அவரைப் பிள்ளைகள் "அண்ணா, அண்ணா" என்று கேள்விகளால் துளைத்துவிட்டார்கள்.

அங்கே காடு நாம் நினைப்பதுபோல் மலை முழுவதையும் மூடியிருக்காது. மலையின் மேடெல்லாம் புல்வெளி. மடிப்புகளில், ஓடை வரும் இடுக்குகளில் மட்டும் அடர்ந்த குட்டை மரங்கள். அதுதான் சோலை. "மரத்தை யாராவது வெட்டிவிட்டார்களா?" என்று ஒரு மாணவன் கேட்டான். ஆங்கிலேயர் காலத்திலிருந்து பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். மரமில்லாத இடம் வீணாகக் கிடக்கும் நிலம் என்று எண்ணி, 19ஆம் நூற்றாண்டிலிருந்து சீகை, கற்பூர மரம், பைன் என்று அயல்நாட்டு மரங்களை அந்தப் புல்வெளிகளில் நட்டார்கள்.

ஆனால் புல்வெளி அங்கே இயற்கையாகவே உள்ளது. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த மட்கிய மண்ணை ஆராய்ந்து, இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, 20,000 ஆண்டுகள் வரையிலான வரலாற்றைக் காட்டியது. தட்பவெப்பம் மாறும்போதெல்லாம் புல்லும் மரமும் மாறிமாறி ஏறி இறங்கியிருக்கின்றன. குளிர்கால உறைபனியில் திறந்த வெளியில் முளைக்கும் மரக்கன்று கருகிவிடும்; மடிப்புக்குள் முளைத்தது பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் இந்த அமைப்பு.

வழிகாட்டி அண்ணா சொன்னதில் என்னைக் கவர்ந்தது ஒரு சிறு சோதனை. சோலைக்குள் தரையில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். மழை பெய்து சில நாள் ஆகியும் கை நனைந்தது. அடுத்துச் சீகை மரங்களுக்கு அடியில் அதேபோல் வைக்கச் சொன்னார். சருகு மொறுமொறுத்தது, கை காய்ந்தே வந்தது. "எந்தக் காட்டிலிருந்து கோடையிலும் ஓடை வரும்?" என்று கேட்டார். பதிலை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மரங்களில் பாசி தொங்கியது. மரப்பெரணிகள் குடை விரித்திருந்தன. செந்நிறப் பூக்களோடு காட்டுப்பூவரசு நின்றது. இதன் நெருங்கிய உறவு மரங்கள் இருப்பது இமயமலையில். இடையில் எத்தனையோ நூறு கிலோமீட்டர் வெம்மையான சமவெளி. முன்பு குளிர்ந்த காலம் ஒன்றில் பரவி, வெம்மை திரும்பியபோது மலை உச்சிகளில் ஒதுங்கி நின்றுவிட்ட மரம் இது. மேற்குத் தொடர்ச்சி மலையோ இமயத்துக்கும் மூத்தது. யுனெஸ்கோ 2012இல் இதை உலக இயற்கைப் பாரம்பரியமாக அறிவித்ததற்கு இத்தகைய தொன்மையும், வேறெங்கும் காணாத உயிர்களும் காரணம். மாநில விலங்கான வரையாடு, கருமந்தி, நீலகிரிச் சிரிப்பான் எல்லாம் இந்த மலைத்தொடருக்கே உரியவை. வரையாட்டை நாங்கள் காணவில்லை. சிரிப்பானின் குரலை மட்டும் கேட்டோம். பார்க்காமல் திரும்புவதும் காட்டுப் பாடம்தான் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

நம் தறிக்கும் அந்த மலைக்கும்

2019 ஆகஸ்டில் இதே அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. நம் பக்கத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையோடு ஒப்பிடத்தக்க அளவு, ஒரே நாளில்! அந்த நீர் குந்தா ஆற்றின் வழியே பவானியில் சேர்ந்து கீழே வருகிறது. எட்டாம் வகுப்பு மாணவி கேட்ட கேள்விக்கு அங்கே நின்றபோது பதில் கிடைத்தது. மண்ணைப் பஞ்சுபோல் வைத்திருக்கும் சோலையும் புல்லும் அந்த மழையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, மெல்ல மெல்ல விடுகின்றன. அவை குறைந்தால் மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் நமக்குத்தான்.

இன்னொரு தொடர்பும் உண்டு. அங்கே நட்ட கற்பூர மரங்களின் கூழிலிருந்து ரேயான் நூல் எடுக்கும் ஆலை ஒன்று, பவானிக் கரையில் சிறுமுகையில் இயங்கியது. ரேயான் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் வீட்டில் புழங்கும் சொல் அல்லவா! அதேபோல் தோடர் பெண்களின் பூத்தையலைப் பார்த்தபோதும் நம் மாணவியர் அசந்து நின்றார்கள். வரைபடம் எதுவும் இல்லாமல், துணியின் பாவையும் ஊடையையும் விரலால் எண்ணியெண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். "எங்க அம்மாவும் இழை எண்ணுவாங்க" என்றாள் ஒருத்தி. மலையும் சமவெளியும் அந்த ஒரு வரியில் சேர்ந்துவிட்டன.

திரும்பி வந்ததும் கடினமான பகுதி தொடங்கியது. மேலே பிடித்த நீரும் நம் ஊர்ச் சாக்கடை வாயருகே பிடித்த நீரும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "சாயத்தண்ணி விடுறவங்களாலதான்" என்று ஒருவன் சொன்னான். சாயப்பட்டறையில் வேலை செய்பவரின் மகன் அதே வகுப்பில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

நண்பர்களே, இந்த இடத்தில்தான் நம் பொறுப்பு இருக்கிறது. சுற்றுச்சூழல் பாடம் ஒரு பிள்ளையைத் தன் தகப்பனின் தொழிலுக்காக வெட்கப்பட வைத்தால் அது பாடமே அல்ல. அதே நேரம் சாயத்தண்ணீரைப் பேசாமல் ஒதுக்குவதும் நேர்மையல்ல. நான் கேள்வியை மாற்றிப் போட்டேன்: "சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்ய என்னென்ன வேண்டும்? அதற்கான செலவை யார் யார் ஏற்க வேண்டும்?" உரிமையாளர், அரசு, துணி வாங்கும் வியாபாரி, உடுத்தும் நாம் என்று பட்டியல் நீண்டது. தலைகுனிந்திருந்த மாணவன்தான் சாயம் போடும் முறையை, எத்தனை முறை அலசுவார்கள் என்பதை, கரும்பலகையில் எழுதி விளக்கினான். அன்று அந்த வகுப்பில் அதிகம் தெரிந்தவன் அவன்தான்.

நீங்களும் செய்யலாம்

சில நடைமுறைக் குறிப்புகள்:

* முதன்மைக் கல்வி அலுவலரின் முன்அனுமதி, பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், நீலகிரிக்கான இ-பாஸ் மூன்றையும் முதலிலேயே முடித்துவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிக்குத் தடை உண்டு. பிள்ளைகள் எவர்சில்வர் புட்டி கொண்டு வரட்டும்.
* செலவு பற்றிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். காசு கட்ட முடியாததால் ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது. எங்களுக்கு முன்னாள் மாணவர்கள் கைகொடுத்தார்கள்.
* மாணவியரின் பெற்றோரைத் தனியே அழைத்து, உடன் வரும் ஆசிரியைகளோடு பேச வையுங்கள். தயக்கத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.
* காட்டிலிருந்து ஒரு இலைகூட எடுத்து வர வேண்டாம். வரைந்து வரட்டும்.

நீலகிரி தூரம் என்றால் நம் மாவட்டத்திலேயே கொல்லிமலை இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறலாம்; ஆகாய கங்கை அருவியின் நீர் எங்கே போகிறது என்று தேடலாம். சேலம் நண்பர்களுக்குச் சேர்வராயன் மலையும் அங்கிருந்து வரும் திருமணிமுத்தாறும் உண்டு.

பயணமே இயலாத பள்ளிகளுக்கு ஒரு சோதனை: இரண்டு புட்டிகளைப் படுக்கை வசத்தில் வெட்டி, ஒன்றில் புல் முளைத்த மண்ணும் மற்றொன்றில் வெறும் மண்ணும் நிரப்புங்கள். இரண்டையும் சற்றுச் சாய்த்து வைத்து, ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். எதிலிருந்து நீர் முதலில் வருகிறது, எது கலங்கி வருகிறது, எது நெடுநேரம் சொட்டுகிறது என்று கடிகாரத்தோடு குறிக்கச் சொல்லுங்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் இதைச் செய்வார்கள்.

நம் பிள்ளைகளில் பலர் நாளை தறியிலோ பட்டறையிலோ அலுவலகத்திலோ வேலை செய்வார்கள். சிலர் உரிமையாளர்களாகவும் அதிகாரிகளாகவும் ஆவார்கள். ஆற்றுக்குள் எதை விடுவது, எதை விடக்கூடாது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் நிற்கும் நாள் வரும். அந்த நாளில், இந்தத் தண்ணீர் எந்த மலையின் எந்த மடிப்பிலிருந்து வருகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரியவைப்பது நம் வேலை.