மறந்த திறவுகோல்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழைய கணினியொன்றில் மறந்து கிடக்கும் மறைநாணயத்தை மீட்பது எவ்வாறு என்பதே எனக்கு விதிக்கப்பட்ட பொருள். 'இஃது இளைஞர் காரியம், எமக்கென்ன?' என்று பெரியோர் எண்ணுதல் கூடும். ஆயின், தேடிய பொருளின் இருப்பிடத்தைத் தேடியவர் ஒருவரே அறிவார் என்னும் நிலை வருமானால், அது வீட்டிலுள்ள யாவரையும் பற்றுமன்றோ?

முதலில் பொருளை விளங்கிக் கொள்வோம். பிட்கொயின் என்னும் மறைநாணயம் 2009 ஜனவரியில் தொடங்கியது. அந்தக் காசு எவருடைய கணினியிலும் இருப்பதில்லை. யாருக்கு எவ்வளவு உண்டு என்னும் கணக்கு, உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே பேரேடாக எழுதப்பட்டிருக்கிறது. உரியவர் கையில் இருப்பது, அப்பேரேட்டில் தம் பங்கை எடுத்தாளும் திறவுகோல் மட்டுமே. அத்திறவுகோலும் இரும்பன்று, 78 இலக்கம் வரை நீளும் ஓர் எண். ஆரம்ப கால மென்பொருள் அதனை 'வொலட்.டாட்' என்னும் சிறு கோப்பில் வைத்தது. 2011 முதல் அக்கோப்பைக் கடவுச்சொல்லாற் பூட்டவும் வழி பிறந்தது. ஆகவே கோப்புத் தொலைந்தாலும் துன்பம். கோப்பிருந்து கடவுச்சொல் மறந்தாலும் துன்பம்.

2004 டிசம்பர் 26 ஆம் நாளை இக்கரையில் மறந்தவர் யார்? அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டது. கல்முனையிலும் பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் வீட்டோடு காணி உறுதியும் வங்கிப் புத்தகமும் அடையாள அட்டையும் போயின. ஆயினும் உறுதியின் பிரதிக்குக் காணிப் பதிவகம் இருந்தது. பணத்துக்கு வங்கிப் பேரேடு இருந்தது. மக்கள் அலைந்தார்கள், வரிசையில் நின்றார்கள். எனினும் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது. பத்தாண்டு தீண்டப்படாத வங்கிக் கணக்கும் மத்திய வங்கியிடம் போய்ச் சேருமேயன்றி அழிவதில்லை. உரியவர் பின்னரும் கேட்கலாம். திறவுகோலைத் தம் கையிலேயே வைத்த மறைநாணயக்காரருக்கோ அத்தகைய கதவு ஒன்றேனும் இல்லை. இதுவே இன்று நான் வற்புறுத்த விரும்புவது.

உலகறிந்த சில நிகழ்ச்சிகளைப் பாருங்கள். வேல்ஸ் நாட்டு நியூபோர்ட் நகரத்து ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் ஹார்ட் டிஸ்க் ஒன்று 2013 இல் குப்பையோடு போயிற்று. அதில் ஏறத்தாழ 8,000 பிட்கொயின்களின் திறவுகோல் இருந்தது. குப்பை மேட்டைத் தோண்டக் கேட்டு அவர் தொடுத்த வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அமெரிக்காவில் வாழும் ஸ்டீபன் தோமஸ் என்பவரிடம் பெட்டி இருக்கிறது. கடவுச்சொல் எழுதிய கடதாசிதான் இல்லை. அவருடைய கருவி பத்து முறைக்கு மேல் பிழை பொறாது. எட்டு முறை தவறியபின் 7,002 பிட்கொயின்கள் உள்ளே அடைபட்டிருந்த செய்தி 2021 இல் உலகெங்கும் பரவியது.

மீண்ட கதையும் உண்டு. ஐரோப்பியர் ஒருவர் 2013 இல் ரோபோபோர்ம் என்னும் மென்பொருளைக் கொண்டு 20 எழுத்துக் கடவுச்சொல் ஆக்கிப் பின்னர் அதனை இழந்தார். அம்மென்பொருளின் பழைய பதிப்பு, கணினியின் நாளையும் நேரத்தையும் பற்றியே சொற்களை ஆக்கியது என்பதை ஜோ கிராண்ட் என்னும் வல்லுநரும் அவர் தோழரும் கண்டறிந்தனர். கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பி, 2013 மே 15 ஆம் நாளில் பிறந்த சொல்லைப் பிடித்தனர். 43.6 பிட்கொயின்கள் மீண்டன. இங்கே உதவியது மந்திரமன்று. எந்த நாள், எந்த மென்பொருள் என்ற நினைவின் துணுக்கே.

ஆதலால், வெளிநாட்டில் உழைத்து வந்தவரின் பழைய மடிக்கணினியில் இத்தகைய கோப்பு அகப்பட்டால் பதறாதீர்கள். கணினியை விற்கவோ துடைக்கவோ வேண்டாம். முதலில் கோப்பை இரண்டு மூன்று இடங்களிற் படியெடுங்கள். மூலத்தைத் தொடாது படியிலேயே முயலுங்கள். பழைய கோப்புகளில் முகவரிகள் பூட்டப்படுவதில்லை. ஆகவே கடவுச்சொல் இல்லாமலே முகவரியை எடுத்துப் பொதுப் பேரேட்டில் மீதியைப் பார்க்கலாம். வெறும் பெட்டிக்கு ஏன் வியர்வை சிந்த வேண்டும்?

மீதி இருந்தால், அக்காலத்தில் வழங்கிய சொற்கள், பெயர்கள், எண்கள், எழுதும் பழக்கம் யாவற்றையும் பட்டியலிடுங்கள். அவற்றை மாற்றி மாற்றிக் கோத்துப் பார்க்க 'பிடிசி ரிக்கவர்' போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. ஒவ்வொரு ஊகத்தையும் குறைந்தது 25,000 தடவை அரைத்துச் சோதிக்கும்படி பூட்டு அமைந்திருப்பதால், ஒன்றும் நினைவில்லாதவருக்கு எத்தனை கணினிகள் இருந்தும் பயனில்லை. பாதி நினைவுள்ளவருக்கு நம்பிக்கை உண்டு.

இனி எச்சரிக்கை. இழந்தவனைத் தேடி வருபவன் பெரும்பாலும் ஏமாற்றுபவனே. 'முன்பணம் தாருங்கள், மீட்டுத் தருகிறோம்' என்பவனை வாசலிலேயே நிறுத்துங்கள். முழுக் கோப்பையும் கடவுச்சொல்லையும் ஒருவன் கையிற் கொடுப்பது, பெட்டியையும் சாவியையும் சேர்த்துக் கொடுப்பதாகும். மறைநாணயத்தின் அபாயம் பற்றி நம் மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பொதுமக்களை எச்சரித்ததையும் மறவாதீர்கள். நான் புதிதாக வாங்கும்படி சொல்லவில்லை. இருப்பதைக் காக்கும் வழியையே சொல்கிறேன்.

'திறவுகோல் தொலைந்தது' என்ற சொல்லையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். கனடாவின் குவாட்ரிகா நிறுவனத் தலைவர் ஜெரல்ட் கொட்டன், 2018 டிசம்பரில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் இறந்தார். கடவுச்சொற்கள் அவரோடு போயின என்று சொல்லப்பட்டது. 76,000 வாடிக்கையாளர் கலங்கினர். பின்பு ஆராய்ந்தபோது பெட்டிகள் முன்னமே வெறுமையாய் இருந்தன. வாடிக்கையாளரின் பணத்தை அவரே சூதாடுவதுபோல் வாணிகத்தில் இழந்தார் என்று ஒன்ராரியோ பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு 2020 இல் அறிவித்தது. அங்கே தொலைந்தது சாவியன்று, நாணயம்.

இளைஞர்களே! தேடிய பொருளை வீட்டாருக்கு ஒளிக்காதீர்கள். இக்காலத் திறவுகோல்கள் பன்னிரண்டு சொற்களாகவும் வருகின்றன. அவற்றைக் கடதாசியில் எழுதி, உறுதியும் நகையும் வைக்குமிடத்தில் ஒரு படியும், கடல் எட்டாத உறவினர் வீட்டில் முத்திரையிட்ட உறையில் மறுபடியும் வையுங்கள். படமெடுத்துத் தொலைபேசியில் வைக்காதீர்கள். பெரியோர்களே! பிள்ளைகளை ஏசாது கேளுங்கள். ஏச்சுக்கு அஞ்சியே பலர் ஒளிக்கின்றனர். பதிவகம் இல்லாத செல்வத்துக்கு, ஒருவரையொருவர் நம்பும் குடும்பமே பதிவகம். அந்த நம்பிக்கையை இன்றிரவே வீட்டிற் பேசித் தொடங்குங்கள் என்று கேட்டு அமைகின்றேன்.