நீர்வீழ்ச்சி பார்க்கப் போவோம், போன அத்தனை பேரும் திரும்பி வருவோம்

(போயா விடுமுறையில் நக்கிள்ஸ் மலைக்கு நடைப்பயணம் போக இருந்த இளைஞர் யுவதிகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் தோட்டத்துச் சமூக மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடுமுறைக்கு வேன் பிடித்து நீர்வீழ்ச்சி பார்க்கப் போவதாக இளைஞர் கழகத்துப் பிள்ளைகள் சொன்னார்கள். அதைக் கேட்ட தாய்மார் சிலர், "வேணவே வேணாம், தண்ணியில விழுந்து சாகவா வளர்த்தோம்?" என்று கேட்டார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. போகாதீர்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. எப்படிப் போவது, எப்படிப் பத்திரமாகத் திரும்பி வருவது என்று பேசத்தான் வந்திருக்கிறோம்.

முதலில் அந்த மலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். கண்டிக்கு வடகிழக்கே, கண்டி மாவட்டத்திலும் மாத்தளை மாவட்டத்திலுமாகக் கிடக்கும் மலைத்தொடர் அது. தூரத்தில் இருந்து பார்த்தால் மூடிய கையின் விரல் மொளி போலத் தெரியும். அதனால்தான் வெள்ளைக்காரர்கள் நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சிங்கள மக்களுக்கு அது தும்பர மலை. அதில் ஆக உயர்ந்த சிகரமான கொம்பனிய 1906 மீற்றர். 2010 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக அறிவித்தபோது, சிவனொளிபாத மலைக் காட்டோடும் ஹோட்டன் சமவெளியோடும் இந்த நக்கிள்ஸ் காட்டையும் சேர்த்துக்கொண்டது. வேறு எங்கும் இல்லாத தவளையும் ஓணானும் அந்த ஈரக் காட்டுக்குள்தான் இருக்கின்றன.

ரங்கலை, மடுல்கலை, பன்விலை, எல்கடுவை, ரத்தொட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இது வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மலை. வெளிநாட்டுக்காரர் ஆயிரக்கணக்கில் காசு செலவழித்து வந்து பார்க்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? கொழுந்து மலை, ஸ்டோர், லயம் என்று மூன்று இடத்தோடு நமது காலம் முடிந்துவிடுகிறது.

இந்தப் பக்கத்து மலைக்கும் நமக்கும் உள்ள உறவு காலால் நடந்து வந்த உறவு. கோப்பிக் காலத்தில் நமது பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் ஏராளம். அதை நினைவுகூர்ந்துதான் மலையகத்துக்கு 200 வருடம் ஆன 2023 ஆம் ஆண்டில், தலைமன்னாரில் யூலை 28 ஆம் திகதி தொடங்கிய நடைபவனி ஆகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. அன்று நடந்து வந்தவர்கள் வேலைக்காக நடந்தார்கள். பெரிய பெரிய காடுகளை வெட்டிக் கோப்பி நட்டார்கள், கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலை நட்டார்கள். ஐயாயிரம் அடிக்கு மேலே உள்ள காட்டை வெட்டக் கூடாது என்று அரசாங்கம் முடிவெடுத்தது 1873 ஆம் ஆண்டில்தான். அதனால்தான் மலை உச்சியிலாவது காடு மிஞ்சியது.

அந்தக் காடு மிஞ்சியதால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். உங்கள் பீலியில் விழுகிற தண்ணீர்தான் லாபம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் அந்த மலை தடுத்துப் பிடிக்கிறது. பாசியும் மரவேரும் இலைச்சருகும் அந்த நீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்து, மழை இல்லாத மாதத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. ஒரு பக்கம் ஹுலுகங்கையாக இறங்கி விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. மறுபக்கம் தெல்கமு ஓயா, களு கங்கை என்று இறங்கி அம்பன் கங்கையில் சேர்ந்து, கீழே வயல்களுக்குப் பாய்கிறது. மலையில் நாம் பார்க்கிற ஒவ்வொரு நீர்வீழ்ச்சியும் கீழே ஒருவருடைய சோறு, ஒருவருடைய வீட்டு வெளிச்சம்.

சரி, எங்கே போவது? நடக்கத் தெரியாதவர்களும் பார்க்கக்கூடிய இடங்கள் உண்டு. ஹுலுகங்கை நீர்வீழ்ச்சியை றோட்டுப் பக்கம் நின்றே பார்க்கலாம். எல்கடுவைக்குக் கிட்ட ஹுன்னஸ் நீர்வீழ்ச்சி இருக்கிறது. கொஞ்சம் நடப்பவர்களுக்கு ரத்தொட்டை, ரிவஸ்டன் வழியாகப் போனால் சேர எல்ல. படி இறங்கிப் போய், விழுகிற தண்ணீருக்குப் பின்னால் உள்ள பாறைப் பொந்திலேயே நிற்கலாம். ஹுன்னஸ்கிரிய, லூல்வத்தைப் பக்கமாகப் போனால் டீன்ஸ்டனில் வன பரிபாலனத் திணைக்களத்தின் நிலையம் இருக்கிறது. அங்கே இருந்து சின்ன உலக முடிவுக்குப் போகிற பாதை குடும்பத்தோடு நடக்க ஏற்றது. அதற்கு அப்பால் மீமுறே, துவிலி எல்ல என்று நடுக் காட்டுக்குள் இருக்கிற இடங்களுக்கு வழிகாட்டி இல்லாமல் போகவே வேண்டாம். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு முன்னால் நிற்பவர் தெரியமாட்டார். அங்கே வழி தவறினவர்களைத் தேட பொலிசும் இராணுவமும் ஊர் மக்களும் இறங்க வேண்டி வந்திருக்கிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நீண்ட விடுமுறை முடிந்தால், எங்காவது ஒரு நீர்வீழ்ச்சியில் இளைஞர் மூழ்கிய செய்தி பத்திரிகையில் வருகிறது. நீந்தத் தெரிந்த பையன்களும் மூழ்குகிறார்கள். எப்படி இது நடக்கிறது?

முதலாவது, நீர்வீழ்ச்சியின் அடியில் உள்ள குளம் சாதாரணக் குளம் அல்ல. மேலே இருந்து விழும் தண்ணீர் காற்றைக் கலக்கி நுரையாகப் பொங்குகிறது. நுரைத் தண்ணீர் ஆளைத் தாங்காது. விழுகிற வேகம் கீழே சுழலாகி, ஆளை அடிப்பக்கம் இழுத்துப் பாறைக்குள் சொருகிவிடும். எத்தனை பெரிய நீச்சல்காரனுக்கும் அது பொதுதான்.

இரண்டாவது, மலைத் தண்ணீர் ஐஸ் மாதிரி. வெயிலில் நடந்து வியர்த்த உடம்போடு திடீரென்று குதித்தால் மூச்சு அடைக்கும், கை கால் விறைக்கும்.

மூன்றாவது, பாறை. பாசி படிந்த பாறையில் நிற்பது சவர்க்காரத்தில் நிற்பது போல. படம் எடுக்க விளிம்புக்குப் போகிறவர்கள் இப்படித்தான் விழுகிறார்கள்.

நான்காவது, மேலே மழை. நீங்கள் குளிக்கிற இடத்தில் வெயில் அடிக்கலாம். ஆனால் மலை உச்சியில் மழை கொட்டினால், கொஞ்ச நேரத்தில் வெள்ளம் வந்துவிடும். தண்ணீர் நிறம் மாறிக் கலங்கினால், இலையும் குச்சியும் மிதந்து வந்தால், சத்தம் கனத்தால், துணிமணியைத் தேடி நிற்காமல் உடனே மேட்டுக்கு ஏறுங்கள். இந்த அறிகுறி தெரிந்தவர் நமது வீட்டிலேயே இருக்கிறார். காற்று திரும்புவதையும் மேகம் கறுப்பதையும் கொழுந்து மலையில் நிற்கிற அம்மாதான் முதலில் கண்டு சொல்வார். ஆகையால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்கிறோம். அவங்களும் மனுஷிதானே, மலையில கூடை இல்லாம ஒரு நாள் நடக்கட்டும். தங்கச்சிமாரையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஐந்தாவது, சாராயம். இதை மறைக்காமல் சொல்கிறோம். குடித்தவனுக்கு ஆழமும் தெரியாது, பயமும் தெரியாது. வேனில் போத்தல் ஏறினால் அந்தப் பயணம் வேண்டாம் என்று இளைஞர் கழகமே தீர்மானம் போட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் அந்தப் பக்கம் போகாதீர்கள். மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று வானொலியில் கேட்டுக்கொள்ளுங்கள். 2014 அக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது.

போகும்போது ரப்பர் செருப்பு வேண்டாம், அடி வழுக்காத சப்பாத்து போடுங்கள். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும் என்பது உங்களுக்கே தெரியும். குடிநீர், ரொட்டி, டோர்ச், மழைக்கோட்டு, முப்பது முழக் கயிறு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தோட்டத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் பிரட்டுக் களத்தில் போலத் தலையை எண்ணுங்கள். பிற்பகல் மூன்று மணிக்குக் காட்டை விட்டு இறங்கத் தொடங்குங்கள்.

அப்படியும் ஒருவர் விழுந்துவிட்டால்? பின்னாலேயே இன்னொருவர் குதிக்கக் கூடாது. அப்படிக் குதித்து ஒரு வீட்டில் இரண்டு பேரை இழந்த குடும்பங்கள் உண்டு. கயிறு, மூங்கில், சேலை எதையாவது எறிந்து பிடிக்கச் சொல்லி இழுங்கள். கரைக்கு எடுத்தபின் மூச்சு இல்லை என்றால், வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்குவதும் வேண்டாம். மட்டமான தரையில் மல்லாக்கக் கிடத்தி, தலையை நிமிர்த்தி, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து இரண்டு முறை மூச்சு ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து 30 தரம் அழுத்துங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம் என்ற வேகத்தில். மறுபடி இரண்டு மூச்சு. உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. ஆகவே ஓடிப்போய்ச் சொல்ல ஒருவரைப் புறப்படும்போதே தீர்மானித்து வையுங்கள். இந்த முதலுதவியைத் தோட்ட வைத்திய உதவியாளரிடம் கேட்டு, கையால் செய்து பழகிக்கொண்டு போங்கள். கேட்டது மட்டும் போதாது.

காட்டுக்கு நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. அது பாதுகாக்கப்பட்ட காடு. உள்ளே போகத் திணைக்களத்தில் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். செடி பிடுங்கவோ, மிருகத்தைச் சீண்டவோ, நெருப்பு மூட்டவோ கூடாது. மானாப்புல்லில் விழுந்த ஒரு பீடித் துண்டு மலையையே எரித்துவிடும். ஷொப்பிங் பேக், போத்தல் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டு வாருங்கள். மேலே போட்ட குப்பை கீழே யாருடைய பீலிக்கு வரும் என்று யோசியுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை, படித்துவிட்டு வேலை இல்லாமல் கொழும்புக் கடைக்குப் போகக் காத்திருக்கிற பிள்ளைகளுக்கு. மீமுறே கிராமத்துப் பையன்கள் வழிகாட்டியாகவும், வீட்டில் தங்க இடம் கொடுத்தும் சம்பாதிக்கிறார்கள். தமிழ், சிங்களத்தோடு கொஞ்சம் ஆங்கிலமும் முதலுதவியும் பழகினால், மலையில் பிறந்த உங்களால் முடியாதா? தேயிலைத் தூறுக்கு இடையில் எந்தச் சரிவில் கால் வைக்கலாம் என்று சின்ன வயதிலேயே உங்கள் கால் படித்துவிட்டது. அந்தப் படிப்புக்கும் ஒரு நாள் சம்பளம் கிடைக்கட்டும்.

போய் வாருங்கள். நமது முன்னோர் பயந்து நடந்த மலையில் நீங்கள் சந்தோஷமாக நடந்துவிட்டு வாருங்கள். வேனில் ஏறிய தலை எத்தனையோ, இறங்குகிற தலையும் அத்தனையாக இருக்கட்டும்.